போனும் கையுமாக இருக்கும் பிள்ளைகள்

கேள்வி: என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். எங்கள் பகுதி ஏரியைக் காக்கும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் இருக்கிறாள். இரவு பதினொரு மணி வரை போனும் கையும்தான். கேட்டால், "சும்மா அரட்டை இல்லம்மா, வேலை பாக்குறோம்" என்கிறாள். முகம் தெரியாதவர்களோடு போனில் பேசுவது பொதுவேலை ஆகுமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: ஆகும் அம்மா. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அதைக் கண்ணாரப் பார்த்தேன். அடையாறு கரை புரண்டு கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் மூழ்கிக் கிடந்தன. மின்சாரம் இல்லை, பல இடங்களில் சிக்னலும் இல்லை. அப்போது நாங்கள் சிலர் ஒரு கூகுள் ஷீட்டில் உட்கார்ந்திருந்தோம். ஒரு வரிசைக்கு ஒரு வீடு: இடம், போன் நம்பர், எத்தனை பேர், என்ன வேண்டும், யார் போகிறார்கள். வெளியூரில் இருந்த பிள்ளைகள் ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

ஒரு நம்பரில் பேசியவர் கெஞ்சினார்: "பால் பவுடர் நேத்து மதியமே வந்துடுச்சுங்க. காலையிலேர்ந்து நாப்பது போன். பேட்டரி தீரப்போகுது, நிறுத்தச் சொல்லுங்க." தேதி போடாத பழைய செய்தி ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு செய்தியிலும் தேதி, நேரம் போட்டோம். உதவி போய்ச் சேர்ந்ததும் "முடிந்தது" என்றும் அனுப்பினோம். அந்த ஒற்றைச் சொல்லை அனுப்பப் பழகியவர்களோடு இன்றும் எனக்கு உறவு இருக்கிறது. பலரை நேரில் பார்த்ததே இல்லை.

குறையும் உண்டு. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து மெரினாவில் அத்தனை பேரைச் சேர்த்ததில் போனுக்குப் பெரிய பங்கு உண்டு; தெருவிளக்கு அணைந்த இரவில் வெளிச்சம் தந்ததும் அதுதான். ஆனால் 21ஆம் தேதி ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் அவசரச் சட்டம் வந்ததும், ஏற்பதா, நிரந்தரச் சட்டம் வரும்வரை இருப்பதா என்று ஒன்றாக முடிவெடுக்க முடியவில்லை. 23ஆம் தேதி காலை போலீஸ் கூட்டத்தைக் கலைக்கத் தொடங்கியபோதும் அந்தக் குழப்பம் தீரவில்லை. உட்கார்ந்து பேசி முடிவெடுக்கும் பழக்கம் முன்கூட்டியே வேண்டும். அதை எந்தச் செயலியும் தராது.

ஆகவே நேரக்கணக்கை விட்டுவிட்டு மகளிடம் வேறு கேளுங்கள். வசூலிக்கும் பணத்துக்குக் கணக்கு யார் வைத்திருக்கிறார்கள்? பெண்பிள்ளைகளின் நம்பர் வெளியாட்களுக்குப் போகிறதா? கருத்து வேறுபாடு வந்தால் எப்படித் தீர்க்கிறார்கள்? ஏரிக்கரையில் அவர்கள் கூடும் நாளில் நீங்களும் போய்வாருங்கள். தடித்த கையுறை எடுத்துக்கொள்ளுங்கள். கரையில் உடைந்த பாட்டில் கிடக்கும்.