சூப்பர்சார்ஜர் வாங்கப் போகிறவர்களுக்கு

சென்ற ஓண விடுமுறையில் என் தம்பி மகன் கரமனையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்தவன். இப்போது கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் நல்ல வேலையில் இருக்கிறான். காப்பியைக் குடித்து முடித்ததும் பையிலிருந்து மூன்று காகிதங்களை எடுத்து என் முன்னால் வைத்தான்.

"பெரியப்பா, இதிலே எது நல்லதுன்னு நீங்கதான் சொல்லணும்."

மூன்றும் மூன்று வகை சூப்பர்சார்ஜர்களுக்கான விலை விவரங்கள். பையன் பழைய ஃபோர்டு மஸ்டாங் கார் ஒன்றை வாங்கியிருக்கிறான். 2016-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மாடல். 8 சிலிண்டர், 5 லிட்டர், சுமார் 400 குதிரைத் திறன். அது போதவில்லையாம், இன்னும் 150 வேண்டுமாம். அதற்கு ஆகும் தொகை, வீட்டுமனை வாங்க அவன் சேர்த்து வைத்திருந்த பணத்தில் பாதிக்கு மேல். அன்று இரவே தம்பி தொலைபேசியில் கூப்பிட்டு, "அண்ணா, அவன் நீங்க சொன்னா கேப்பான்" என்றான். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்வது சுலபம். ஆனால் காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பதில்லை, கேட்கவும் வேண்டியதில்லை.

நான் கார் மெக்கானிக் அல்ல. மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, டீசல் லோகோ ஷெட்களில் காலம் கழித்தவன். ஆனால் எஞ்சினுக்குள் அதிகக் காற்றைத் திணிக்கும் வித்தை எங்களுக்கு அன்றாடப் பிழைப்பு. அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். நம் சங்கத்துக் குடும்பங்களில் இப்படிப்பட்ட பிள்ளைகள் வேறு சிலரும் இருப்பது எனக்குத் தெரியும்.

முதலில் காற்றின் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று தேவை. ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 11 கிலோ காற்று. அதாவது ஒரு சின்னப் பூஜை அறை கொள்ளும் அளவு. பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம், காற்று வரவேண்டுமே! அதைத் தள்ளி நுழைக்கும் கருவிதான் சூப்பர்சார்ஜர். எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டிலிருந்து பெல்ட் மூலம் இது சுழல்கிறது. டர்போ சார்ஜர் என்பது இதன் தம்பி. அது புகையோடு வீணாகப் போகும் சக்தியில் சுழல்கிறது. எங்கள் லோகோக்களில் இருந்தது டர்போ. (இரண்டையும் கலந்தும் உண்டு. 1999-இல் இந்தியாவுக்கு வந்த ஜெனரல் மோட்டார்ஸ் வகை 4000 குதிரைத் திறன் லோகோவில், குறைந்த வேகத்தில் டர்போவைப் பல்சக்கரங்கள் சுழற்றும். புகையின் வேகம் போதுமானதும் ஒரு கிளட்ச் அதைத் தானாக விடுவித்துவிடும். அழகான வேலைப்பாடு.)

பையன் கொண்டுவந்த மூன்றில் முதலாவது ரூட்ஸ் வகை. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை பெற்ற ஊதுகருவி இது. கார் என்ற பொருளே அப்போது பிறக்கவில்லை. இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுழன்று காற்றை அள்ளி மறுபக்கம் தள்ளும். உள்ளே அழுத்துவதில்லை, வெளியே போய்த்தான் காற்று நெரிபடும். அதனால் சூடு அதிகம். இன்றைய முறுக்கிய உருளைகள் பழையதைவிட எவ்வளவோ மேல் என்றாலும் பிறவிக் குணம் முழுவதும் போகவில்லை. இரண்டாவது இரட்டைத் திருகு வகை. இது காற்றை உள்ளேயே படிப்படியாக நெருக்குகிறது. சூடு குறைவு, விலை அதிகம். மூன்றாவது சென்ட்ரிஃப்யூகல். டர்போவின் காற்றுப் பக்கத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பெல்ட்டில் மாட்டியது போல இருக்கும்.

காகிதங்களில் மூன்றுக்கும் ஒரே எண்தான் பெரிய எழுத்தில் இருந்தது: உச்ச குதிரைத் திறன். அது எந்த வேகத்தில் என்பது சிறிய எழுத்தில். சென்ட்ரிஃப்யூகலில் அழுத்தம் ஏறக்குறைய வேகத்தின் வர்க்கப்படி ஏறும். 7000 சுற்றில் அரை பார் அழுத்தம் தருவது, 3500 சுற்றில் அதில் கால் பங்குதான் தரும். "மக்களே, தம்பானூரிலிருந்து கழக்கூட்டம் போய்ச் சேருகிற வழியிலே நீ எங்கே 7000 சுற்று ஓட்டப் போறே?" என்று கேட்டேன். சிரித்தான். மற்ற இரண்டும் 2000 சுற்றிலேயே முழு அழுத்தத்துக்கு அருகே வந்துவிடும். அது நல்லதுதானே என்றான். பின்சக்கரம் இழுக்கும் கார். பொன்முடி வளைவுகளில் மழை பெய்யும் நாளில் காலை லேசாக அழுத்தியதும் அவ்வளவு விசையும் ஈர ரோட்டில் இறங்கினால் என்ன ஆகும் என்று கேட்டேன். பதில் வரவில்லை.

அடுத்துச் சூடு. இந்த விஷயத்தை விலைப்பட்டியல்கள் பேசவே பேசாது. நம் ஊரில் 35 டிகிரி சாதாரணம். அந்தக் காற்றை அரை பார் அளவுக்கு நெருக்கினால், இரட்டைத் திருகில் ஏறக்குறைய 90 டிகிரி ஆகும். சுமாரான ரூட்ஸில் 100 டிகிரி. சூடான காற்று லேசானது. அழுத்தம் ஒன்றரை மடங்கு ஆனாலும், சிலிண்டருக்குள் போகும் காற்றின் எடை கால் பங்குதான் கூடும். அதே காற்றை நல்ல கூலரில் செலுத்தி 55 டிகிரிக்குக் கொண்டுவந்தால், எடை 40 சதவீதம் கூடும். ஆக, காசு கொடுத்து வாங்குவது சூப்பர்சார்ஜரை அல்ல, கூலரை! இவ்வளவு காற்றை நெருக்க 30 முதல் 40 குதிரைத் திறனை அந்தப் பெல்ட்டே தின்றுவிடும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிடப் பட்டுத் தெரிந்துகொண்டது அதிகம். நான் வேலை பார்த்த ஒரு ஷெட்டில் ஒரு டபிள்யூ.டி.எம்.2 எஞ்சின் திரும்பத் திரும்பப் புகாரோடு வந்தது. இழுவை இல்லை, கரும்புகை. டர்போவை மாற்றினோம். பத்து நாளில் மறுபடியும் அதே புகார். மறுபடியும் டர்போவை மாற்றினோம். பூஸ்டர் அழுத்தம் மீட்டரில் சரியாகத்தான் காட்டியது. ஒரு வயதான ஃபிட்டர்தான் ஆஃப்டர் கூலரைத் திறந்து பார்க்கச் சொன்னார். உள்ளே எண்ணெயும் தூசியும் சேர்ந்து தோசைக்கல் மாதிரி அப்பியிருந்தது. அழுத்தம் இருந்தது, குளிர்ச்சி இல்லை. இரண்டு டர்போக்களைக் குறை சொன்னதற்கு நானும் ஒரு காரணம்.

அங்கே டீசல் ஆனதால் புகையோடு போயிற்று. டீசலுக்குக் காற்று அதிகமானால் சந்தோஷம்தான். எரிபொருளைக் கடைசி நிமிடத்தில்தான் உள்ளே பீய்ச்சுகிறோம். பெட்ரோலில் கலவை முன்பே சிலிண்டருக்குள் இருக்கிறது. மஸ்டாங்கின் அழுத்த விகிதம் ஏற்கெனவே 11-க்கு 1. அதன்மேல் சூடான காற்றையும் திணித்தால், பொறி மூட்டிய சுடர் வந்து சேரக் காத்திராமல் மீதிக் கலவை தானாகவே வெடிக்கும். அந்த "நாக்கிங்" சில நிமிடம் நீடித்தாலும் பிஸ்டன் உடையலாம். 91 ஆக்டேன் பெட்ரோல் இதற்கு உதவாது. உயர் ஆக்டேன் பெட்ரோல் எல்லா ஊர் பம்பிலும் கிடைப்பதில்லை. நள்ளிரவில் அஞ்சல் தாண்டி டேங்க் காலியானால் கிடைத்ததைத்தான் ஊற்றுவான்.

டபிள்யூ.டி.எம்.2 அமெரிக்க ஆல்கோ கம்பெனியிடமிருந்து 1962-இல் வந்தது. 1964 முதல் வாரணாசியில் செய்தோம். 16 சிலிண்டர், 1000 சுற்றில் 2600 குதிரைத் திறன். 1990-களில் அதே 9 அங்குல சிலிண்டர்களை வைத்துக்கொண்டு 3100 ஆக்கினார்கள். டர்போவை மட்டும் மாற்றியா? திறமையான டர்போ, பெரிய ஆஃப்டர் கூலர், பெரிய எரிபொருள் பம்ப், வலுவான கேம் ஷாஃப்ட் என்று ஒரு குடும்பத்தையே மாற்றினார்கள். அத்தனையும் செய்து கூட்டியது 19 சதவீதம். பையன் ஒரு பெட்டியைப் போல்ட் போட்டு முடுக்கிவிட்டு 37 சதவீதம் கேட்கிறான். கிளட்ச், கியர் பெட்டி, பிரேக் எல்லாம் பழையவையே.

சட்டம் என்று ஒன்றும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. நம் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில்தான் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. இத்தனை பெரிய மாற்றம் அதில் அகப்படும் என்றே நான் புரிந்துகொண்டிருக்கிறேன். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் பானெட்டைத் திறந்து பார்க்காமல் விடமாட்டார்கள்.

பந்தயத் தளத்துக்கு மட்டும் ஒரு காரை ஒதுக்கி வைப்பவனுக்கு நான் இரட்டைத் திருகையும், தண்ணீரால் குளிரும் பெரிய கூலரையும் சொல்வேன். இதை அவனிடம் மறைக்கவில்லை. மூன்று விற்பனையாளர்களுக்கும் ஒரே கேள்வியை எழுதிப் போடச் சொன்னேன்: வெளியே 35 டிகிரி இருக்கும்போது, அரை மணி நேரம் ஓட்டிய பின் சிலிண்டருக்குள் போகும் காற்று எத்தனை டிகிரி? இரண்டு பேர் புது விலைச்சலுகையை அனுப்பினார்கள். ஒருவர் மட்டும், எங்கள் சோதனை குளிர்ந்த அறையில் செய்தது என்று நேர்மையாக எழுதினார்.

பையன் பணத்தை இன்னும் எடுக்கவில்லை. பிரேக் ஆயிலும் டயரும் மாற்றியிருக்கிறான். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே தளத்தில், இருக்கும் 400-ஐயே ஒருமுறை முழுதாக ஓட்டிப் பார்க்க விசாரித்துக்கொண்டிருக்கிறான். காரில் காற்றின் வெப்பம் காட்டும் சின்னக் கருவி ஒன்றும் மாட்டிக்கொண்டான். போன வாரம் பட்டம் சிக்னலில் நின்றபடி எனக்குத் தொலைபேசி செய்தான்.

"பெரியப்பா, வெளியே 34. உள்ளே 58 காட்டுது."

சூப்பர்சார்ஜர் இல்லாமலேயே.