வைஃபை கார்டை மாற்றுமுன் ஒரு நிமிடம்!

2022ஆம் ஆண்டு மின்வெட்டுக் காலத்தில் நடந்த விடயம். குருநாகலில் உள்ள வாடிக்கையாளர் ஒருவருக்குப் பிற்பகல் 3 மணிக்கு முன் விலைப்பட்டியல் அனுப்ப வேண்டும். ரவுட்டருக்குச் சிறிய யூ.பி.எஸ். ஒன்று பூட்டியிருந்தேன். லெப்டொப் பெட்டரியில் ஓடியது. ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வைஃபை அறுந்தது. மின்னஞ்சல் போகவில்லை, அந்த ஓடர் இன்னொருவர் கைக்குப் போனது.

மறுநாள் கடையொன்றில் காட்டினேன். "வைஃபை கார்ட் பழுது, மாற்ற வேண்டும்" என்றார்கள். காசைக் கொடுக்குமுன் வீட்டில் சற்று யோசித்துப் பார்த்தேன். அதே ரவுட்டரில் எனது கைத்தொலைபேசி தடையின்றி வேலை செய்ததே! ஆகவே குறை ரவுட்டரில் இல்லை. லெப்டொப்பை மின்சாரத்தில் செருகியபோது வைஃபை அறுபடவில்லை. பெட்டரியில் மாத்திரமே அறுந்தது. பழுதான கார்டுக்கு மின்சாரம் எது, பெட்டரி எது என்று தெரியுமா?

காரணம் இதுதான். பெட்டரியை மிச்சப்படுத்த, வைஃபை கார்ட் இடையிடையே கண்ணயர்கிறது. அவ்வேளை வரும் தகவல்களை ரவுட்டர் பிடித்து வைத்திருந்து, கார்ட் விழித்ததும் கொடுக்கும். இருவருக்கும் இடையே இந்த ஒழுங்கு சரியாகப் பொருந்தாவிட்டால் இணைப்பு மந்தமாகும், அல்லது அறுந்துவிடும்.

விண்டோஸில் செய்ய வேண்டியவை:

1. கன்ட்ரோல் பெனலில் பவர் ஒப்ஷன்ஸ் சென்று, சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ், அடுத்து அட்வான்ஸ்ட் செட்டிங்ஸைத் திறவுங்கள். வயர்லெஸ் அடப்டர் செட்டிங்ஸின் கீழ் 'ஒன் பெட்டரி' என்பதை மெக்ஸிமம் பெர்ஃபோமன்ஸ் ஆக்குங்கள்.

2. அதன் பின்னும் அறுந்தால், டிவைஸ் மெனேஜரில் நெட்வேர்க் அடப்டர்ஸ் என்பதற்குள் வைஃபை கார்டின் புரொபர்ட்டீஸைத் திறவுங்கள். பவர் மெனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரத்தைச் சேமிக்க இக்கருவியை நிறுத்த அனுமதிக்கும் கட்டத்தின் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். தூக்கத்திலிருந்து எழுப்பியதும் வைஃபை காணாமற் போகும் லெப்டொப்களுக்கும் இது உதவும்.

3. புதிய லெப்டொப்கள் சிலவற்றில் இவ்விரு இடங்களும் தென்படாது. அப்படியானால், லெப்டொப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து வைஃபை டிரைவரைப் புதுப்பியுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அரை மணி நேரமாவது பாவித்துப் பாருங்கள். மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது சுகப்படுத்தியது என்று தெரியாது. பெட்டரி சற்று விரைவாக இறங்கும். அது சிறிய நட்டம். மின்சாரத்தில் செருகியும் அறுந்தால், டிரைவர் மாற்றியும் சரிவராவிட்டால், அப்போது கார்டைச் சந்தேகியுங்கள்.

எனக்கு முதலாவது படியிலேயே சரியாகிவிட்டது. ஒரு சதமும் செலவில்லை. போன ஓடர்தான் திரும்பி வரவில்லை.

கல்லாவில் காசு குறைந்தால் உடனே கடைப் பொடியனைச் சந்தேகிக்காமல், முதலில் பில் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்போம் அல்லவா? லெப்டொப்பிலும் அதே கணக்குத்தான். "பழுது" என்று ஒருவர் சொன்னால், "எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பணப்பையைத் திறவுங்கள்.