காரின் வட்டக் கீறல்களை நீக்குவது எப்படி? கருவியோடு சேர்த்துக் கற்க வேண்டிய பாடம்



நம் மடலின் தொழிற்பாடப் பகுதியில் இம்முறை, கார் பெயின்டில் விழும் வட்டக் கீறல்களைப் பாலிஷ் மிஷின் கொண்டு நீக்கும் முறையை எழுதுகிறோம். இதை எழுத ஒரு காரணம் உண்டு. நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு வாலிபர், அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடனில் பாலிஷ் மிஷின் வாங்கினார். வாட்டர் வாஷ் கடையில் நான்கு வருடம் வேலை பார்த்தவர், கைசுத்தமான பிள்ளை. மிஷின் வாங்கிய இரண்டாவது வாரமே ஒருவருடைய கறுப்புக் காரின் பானெட் ஓரத்தில் பெயின்ட் தேய்ந்து, அடியிலிருந்த பிரைமர் வெளியே தெரிந்துவிட்டது. வண்டிக்காரர் கேட்டது நியாயமானதுதான். பானெட் முழுவதற்கும் மறு பெயின்ட் அடித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தச் செலவில் மூன்று மாதத் தவணை போய்விட்டது.

அவருடைய அத்தா அலுவலகத்துக்கு வந்து, மிஷினைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார். நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. யோசித்துப் பார்த்தால் தவறில் பாதி எங்களுடையது. கருவிக்குப் பணம் கொடுத்த நாங்கள், அதைக் கையாளும் பாடத்துக்கு ஏற்பாடு செய்யவில்லை. அந்தக் கடமையைத் தாமதமாகவாவது நிறைவேற்றவே இந்தக் கட்டுரை. சொந்தக் காரை வீட்டிலேயே பராமரிப்பவர்களுக்கும் இது பயன்படும்.

வட்டக் கீறல் என்பது என்ன?

கழுவித் துடைத்த காரை வெயிலிலோ தெருவிளக்கின் கீழோ பாருங்கள். வெளிச்சம் விழும் இடத்தைச் சுற்றிச் சிலந்திவலை போலக் கோடுகள் தெரியும். யாரோ வட்ட வட்டமாகத் தேய்த்ததால் வந்தவை என்று நினைப்போம். உண்மையில் அந்தக் கீறல்கள் எல்லாத் திசைகளிலும் கிடக்கின்றன. விளக்கைச் சுற்றி வளையமாக அமைந்த கீறல்கள் மட்டுமே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புவதால் வட்டமாகத் தெரிகின்றன. வீட்டில் பழைய எவர்சில்வர் தட்டை பல்புக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அதிலும் இதே வட்டம் தெரியும். தட்டை நகர்த்தினால் வட்டமும் விளக்கோடு கூடவே நகரும்.

இக்கீறல்கள் பெரும்பாலும் ஓட்டும்போது வருவதில்லை, கழுவும்போதும் துடைக்கும்போதும்தான் வருகின்றன. நம் ஊர் வீராம்பட்டினம் கடலோரம். காற்றில் மணலும் உப்பும் எப்போதும் உண்டு. கடல்மணலில் உள்ள குவார்ட்ஸ் துகள் சாதாரண இரும்பைவிடக் கடினமானது. காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், மணல் படிந்த வண்டியைக் காய்ந்த துணியால் ‘சும்மா ஒரு துடைப்பு’ துடைக்கிறோமே, அது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம்.

நம்மிடம் இருக்கும் கனம் எவ்வளவு?

முதலில் மனதில் பதிய வேண்டியது இதுதான். கார் தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம் தரும் பேஸ் கோட், அதன்மேல் நிறமற்ற க்ளியர் கோட் என்று அடுக்கடுக்காக உள்ளன. கம்பெனியில் அடித்து வரும் பெயின்ட், எல்லா அடுக்கும் சேர்ந்து, பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஜெராக்ஸ் எடுக்கும் வெள்ளைத்தாள் ஒன்றின் கனம் சுமார் 100 மைக்ரான். அதாவது, மொத்தப் பெயின்டும் ஒரு தாளின் கனம்தான். அதில் க்ளியர் கோட் ஏறக்குறைய 40 முதல் 50 மைக்ரான், அரைத் தாள் அளவு.

பாலிஷ் செய்வது என்றால் கீறலை நிரப்புவது அல்ல. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள க்ளியர் கோட்டைச் சீராகச் சீவி எடுப்பது. பள்ளம் மறைவது, மேடு குறைவதால்தான். ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் போகிறது, போனது திரும்பி வராது. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் இந்த க்ளியர் கோட்தான். ஆகவே வருடாவருடம் ‘பளபளப்புக்காக’ கம்பவுண்ட் போடுவது வண்டிக்கு நல்லதல்ல. ஒருமுறை முறையாகச் செய்து, பிறகு கழுவும் பழக்கத்தைத் திருத்திக்கொள்வதே சிக்கனம்.

நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் அந்தக் கீறல் பாலிஷுக்கு அடங்காது. அதை முழுவதும் எடுக்க முயல்வதே பெயின்டைத் தேய்த்துவிடும் வழி. வாடிக்கையாளரிடம் முன்னதாகவே, ‘இது மங்கும், மறையாது’ என்று சொல்லிவிடுங்கள்.

இருவகை மிஷின்

ரோட்டரி மிஷின் ஒரே அச்சில் சுழல்வது. வேகமாக வெட்டும், அதே வேகத்தில் சூடும் ஏறும். ஒரே இடத்தில் சில விநாடி நின்றாலும், பானெட் ஓரம், கதவு மடிப்பு போன்ற முனைகளில் பட்டாலும் பெயின்ட் போய்விடும். முனைகளில் பெயின்ட் இயல்பாகவே மெலிந்திருக்கும், பேடின் அழுத்தம் முழுவதும் அந்தச் சிறு கோட்டில் விழும். நம் வாலிபர் வாங்கியது ரோட்டரி மிஷின்தான். விலை குறைவு என்று நாங்களும் அதற்கே ஒப்புதல் கொடுத்தோம்.

டூயல் ஆக்‌ஷன், சுருக்கமாக டி.ஏ. மிஷின், சுழன்றுகொண்டே சிறு வட்டத்தில் ஊசலாடவும் செய்யும். அதிகம் அழுத்தினாலோ சாய்த்தாலோ அதன் சுழற்சி நின்றுவிடும். வேலை மெதுவாகும், ஆனால் கற்பவரின் பிழையைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். புதிதாகத் தொடங்குபவர்கள் டி.ஏ. மிஷினையே வாங்குங்கள். பேடைப் பிடித்திருக்கும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால், சுழல்கிறதா நின்றுவிட்டதா என்பது கண்ணுக்குத் தெரியும்.

செய்முறை

முதலில் வண்டியை நன்கு கழுவுங்கள். கழுவிய பிறகும் கைக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்படும் அழுக்கைக் க்ளே பார் என்னும் களிமண் போன்ற கட்டியால், சோப்பு நீர் தெளித்து, அழுத்தாமல் தேய்த்து எடுங்கள். க்ளே கட்டி தரையில் விழுந்தால் அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள். ஒட்டியிருக்கும் ஒரு மணல் துகள் போதும், புதுக் கீறல் வந்துவிடும்.

கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்கள், ரப்பர் பட்டைகள், பெயின்டின் கூர்முனைகள் எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பத்து நிமிட வேலை இது. அந்தக் கறுப்புக் காரில் இதைச் செய்திருந்தால் மூன்று மாதத் தவணை மிஞ்சியிருக்கும்.

வெயிலில் செய்யாதீர்கள். நம் ஊர் மதிய வெயிலில் பானெட்டில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் கம்பவுண்ட் காய்ந்து ஒட்டிக்கொள்ளும், பெயின்டும் இளகும். சுபுஹு தொழுதபின் வரும் காலை நேரமோ, அஸருக்குப் பிந்திய நிழல் நேரமோ நல்லது. வண்டி கழுவிய ஈரத்தில் நின்று மிஷினை இயக்க வேண்டாம். ஒயரைத் தோளின் மேல் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடியும் முகக்கவசமும் அணியுங்கள்.

அடுத்தது சோதனைக் கட்டம். இதைத் தவிர்க்கவே கூடாது. பானெட்டில் இரண்டடிக்கு இரண்டடி இடத்தைக் குறித்துக்கொண்டு, மிக மென்மையான ஃபோம் பேடும் ஃபினிஷிங் பாலிஷும் கொண்டு தொடங்குங்கள். அதிலேயே கீறல் போய்விட்டால் அதற்குமேல் எதுவும் தேவையில்லை. போகாவிட்டால் மட்டும் ஒரு படி கடினமான பேடுக்கோ கட்டிங் கம்பவுண்டுக்கோ போகலாம். ‘எது வேகமாக வெட்டும்’ என்று தேடாதீர்கள், ‘எவ்வளவு குறைவாக வெட்டினால் போதும்’ என்று தேடுங்கள்.

பேடில் பட்டாணி அளவு நான்கைந்து சொட்டு வையுங்கள். மிஷினை இயக்கும் முன்பே பேடைப் பெயின்டின் மேல் வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் கம்பவுண்ட் சுவரெல்லாம் தெறிக்கும். ஒன்று அல்லது இரண்டாம் வேகத்தில் பரப்பி, பிறகு நான்கு அல்லது ஐந்துக்கு ஏற்றுங்கள். பேட் தட்டையாக இருக்கட்டும். விநாடிக்கு ஓர் அங்குலம் என்ற நிதானத்தில், ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் பாதியை மூடும்படி, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மூன்று முறை போங்கள். கை அவசரப்பட்டால் கீறல் அப்படியே இருக்கும், கம்பவுண்ட் மட்டும் செலவாகும்.

ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பேடைத் துணியால் அல்லது பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். பேடின் நிறத்தையும் பாருங்கள். அந்தக்கால அம்பாஸடர் போன்ற பழைய வண்டிகளில் தனி க்ளியர் கோட் இல்லாததால், பாலிஷ் செய்தால் துணியில் வண்டியின் நிறம் ஒட்டும். அது இயல்பு. க்ளியர் கோட் உள்ள இன்றைய வண்டியில் பேடில் நிறம் ஏறினால், க்ளியர் கோட் தீர்ந்துவிட்டது என்று பொருள். உடனே நிறுத்திவிடுங்கள்.

கட்டிங் கம்பவுண்ட் போட்ட இடத்தில், அது விட்டுச்சென்ற நுண்ணிய மங்கலை எடுக்க, மென்மையான பேடும் ஃபினிஷிங் பாலிஷும் கொண்டு மீண்டும் ஒருமுறை செய்ய வேண்டும். கடினமானதிலிருந்து மென்மையானதற்குப் படிப்படியாக இறங்குவதே மெருகு வேலையின் அடிப்படை. இது நம் மண்ணுக்குப் புதிய கலையல்ல. நம் ஊருக்கு அருகே அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்மணிகளும் கண்ணாடி மணிகளும் செய்தவர்கள் வாழ்ந்த இடம் அது. மிஷின் இல்லாத காலத்தில், கரடுமுரடான கல்லை மணியாக்கி மெருகேற்றியது அவர்களுடைய பொறுமைதான்.

மறைப்பதும் நீக்குவதும்

ஒரு தம்பி எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். ‘பழைய கார் வியாபாரி ஒருவர், கீறலை எடுக்க வேண்டாம், மறைக்கிற பாலிஷ் போட்டுக் கொடுத்தால் போதும், இரட்டிப்பு வேலை தருகிறேன் என்கிறார். செய்யலாமா?’

சில பாலிஷ்களில் எண்ணெயும் மெழுகும் கலந்திருக்கும். அவை கீறலில் நிறைந்து தற்காலிகமாக மறைக்கும். சில முறை கழுவினால் கீறல் திரும்பத் தெரியும். வண்டிக்குச் சொந்தக்காரர் தெரிந்தே கேட்டால் அது அவருடைய விருப்பம். ஆனால் வாங்க வருபவரின் கண்ணை ஏமாற்றுவதற்காகச் செய்தால், குறையை மறைத்து விற்பதற்குத் துணைபோனதாகிவிடும். வியாபாரத்தில் பொருளின் குறையைச் சொல்லிவிட வேண்டும் என்பது நாம் மதரஸாவில் சிறுவயதிலேயே படித்த பாடம். அந்தத் தம்பி அந்த வேலையை ஏற்கவில்லை. வருமானம் போயிற்று என்பதை நாங்கள் மறைக்கவில்லை. அல்லாஹ் அவருக்கு அதைவிடச் சிறந்ததைத் தருவானாக.

உங்கள் வேலையை நீங்களே சோதிக்கவும் ஒரு வழி உண்டு. ஊசி போடுமுன் ஆஸ்பத்திரியில் தடவும் ஸ்பிரிட் வகையான ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை நீரில் கலந்து, பாலிஷ் செய்த இடத்தைத் துடையுங்கள். எண்ணெய்ப் பசை போய்விடும். பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால், கீறல் நீங்கியதா, மறைந்திருந்ததா என்பது தெரிந்துவிடும். வாடிக்கையாளரைப் பக்கத்தில் நிறுத்தியே இதைச் செய்து காட்டுங்கள். கடைசியில் வாக்ஸோ சீலன்ட்டோ ஒரு மெல்லிய பூச்சாகப் போட்டு முடியுங்கள்.

மீண்டும் வராமல் காப்பது

வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும்கூடச் செய்யக்கூடியது இது. தண்ணீரை நிறையப் பாய்ச்சி மணலை முதலில் இறக்குங்கள். இரண்டு வாளி வையுங்கள், ஒன்றில் ஷாம்பு, மற்றொன்றில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்புவில் நனைக்க வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். அழுக்கு அதிகமுள்ள கீழ்ப்பகுதிக்கும் சக்கரத்துக்கும் தனித்துணி வேண்டும். பழைய பனியன், லுங்கித் துணிகளை விட்டுவிட்டு மைக்ரோஃபைபர் துணியைப் பயன்படுத்துங்கள். கீழே விழுந்த துணியைத் துவைக்காமல் வண்டியில் வைக்காதீர்கள். போர் தண்ணீர் வெயிலில் காய்ந்தால் உப்புக்கறை படியும், ஆகவே நிழலில் கழுவி உடனே ஒற்றி எடுங்கள்.

இனி, இன்ஷா அல்லாஹ், பாலிஷ் மிஷினுக்குக் கடன் கேட்டு வருபவர்களுக்கு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறோம். காயலான் கடையிலிருந்து ஒரு பழைய பானெட் வாங்கி அலுவலக முற்றத்தில் வைத்துள்ளோம். அதில் பயிற்சி எடுத்து, ஓரத்தில் பெயின்ட் எப்படிப் போகிறது என்பதைத் தம் கையாலேயே ஒருமுறை தேய்த்துப் பார்த்தவருக்கே கடன். பிறர் வண்டி நம் கையில் இருக்கும் நேரத்தில் அது அமானத். பிழை செய்து கற்க வேண்டிய இடம் அந்தப் பழைய பானெட்தான்.

அந்தப் பயிற்சியை நடத்துபவர், மேலே நாம் சொன்ன வாலிபரேதான். ரோட்டரியை விற்று டி.ஏ. மிஷின் வாங்கிவிட்டார், விட்டுப்போன தவணைகளையும் கட்டிவருகிறார். அன்று மிஷினைத் திருப்பிக் கொடுக்க வந்த அவருடைய அத்தா, இப்போது மகனுக்கு டேப் ஒட்டிக் கொடுக்கிறார். அல்ஹம்துலில்லாஹ்.