தணிக்கைப் பணிக்குக் கிளம்பும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

தணிக்கைத் துறையில் சேர்ந்து, பயிற்சியும் முடித்து, முதல் களத் தணிக்கைக்குப் புறப்படப் போகிறாய் என்று அறிந்தேன். மனம் நிறைந்தது. ஓய்வுபெற்றுவிட்ட நான் உனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. பில்லோடு நின்றுவிடாதே. அந்தச் செலவைச் செய்யலாம் என்று யார் முடிவெடுத்தார், எந்தத் தேதியில் எடுத்தார், அப்போது அவர் மேசையில் என்னென்ன காகிதம் இருந்தது என்பது வரை போய்ப் பார். உன் பெயரைப் போடாமல் பொதுக் கடிதமாகவே எழுதுகிறேன். வரி கட்டுகிற எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு தாலுகா அரசு மருத்துவமனை. ஊர் பெயர் வேண்டாம். சரக்கறையில் எக்ஸ்ரே இயந்திரம் ஒன்று வந்த பெட்டியோடு பிரிக்காமல் நின்றது. இருப்புப் பதிவேட்டில் வரவு வைத்திருந்தார்கள். நிறுவிய தேதி எழுத வேண்டிய கட்டம் காலி. சப்ளையருக்கு முழுப் பணமும் போய்ச் சேர்ந்துவிட்டது. உத்தரவாதக் காலம் பெட்டிக்குள் இருக்கும்போதே முடிந்துபோயிருந்தது. எக்ஸ்ரே எடுக்கும் அறை என்றால் சுவருக்குக் குறிப்பிட்ட கனம் வேண்டும், கதவில் ஈயத் தகடு வேண்டும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். அந்த அறையே கட்டப்படவில்லை. கால் உடைந்து வருபவர்களை ஆட்டோவில் ஏற்றித் தனியார் ஸ்கேன் சென்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

‘இயந்திரம் பயன்பாட்டுக்கு வராததால் இத்தனை லட்சம் பயனற்ற செலவு’ என்று எழுதி முடித்துவிடலாம். பல தணிக்கைப் பாராக்கள் அங்கேதான் முடிகின்றன. ஆனால் கொள்முதல் கோப்பைப் பக்கம் பக்கமாகப் புரட்டியபோது வேறொன்று கிடைத்தது. அறை இன்னும் தயாராகவில்லை, இப்போது வாங்க வேண்டாம் என்று கட்டடப் பிரிவு ஜனவரியிலேயே கடிதம் எழுதியிருந்தது. மார்ச் 31-க்குள் செலவழிக்காவிட்டால் ஒதுக்கீடு காலாவதியாகிவிடும் என்று மார்ச் கடைசி வாரத்தில் கொள்முதல் உத்தரவு போட்டிருந்தார்கள். உத்தரவில் கையெழுத்திட்ட அதிகாரியின் சுருக்கொப்பம் அந்த ஜனவரிக் கடிதத்தின் ஓரத்திலும் இருந்தது, தேதியோடு. தெரிந்தே வாங்கியிருக்கிறார்கள். இது பாராவில் ஏறிய பிறகு, ‘நிர்வாகக் காரணங்களால் தாமதம்’ என்று துறை பதில் எழுத முடியவில்லை.

சொந்தப் பணத்தைச் செலவழிக்கும்போது சாதாரண விவேகம் உள்ள ஒருவர் எவ்வளவு கவனமாக இருப்பாரோ, அதே கவனம் அரசுப் பணத்திலும் வேண்டும் என்று மத்திய அரசின் பொது நிதி விதிகள் சொல்கின்றன. ஆண்டுக் கடைசியில் அவசர அவசரமாகக் கொட்டித் தீர்ப்பதை நிதி ஒழுங்கை மீறுவதாகவே அவை கருதுகின்றன. விதிக்குப் பஞ்சமில்லை. அதை மீறியவரைக் காகிதத்தில் அடையாளம் காட்டும் ஆள்தான் குறைவு. அந்த ஆளாக நீ இரு.

இன்னொன்று. ஓர் அலுவலகத்தின் கணக்கை அந்த அலுவலகத்தின் காகிதத்தை மட்டும் வைத்துச் சரிபார்க்காதே. பீகாரின் மாட்டுத்தீவன ஊழலில் கால்நடைகளும் தீவனமும் ஏற்றி வந்ததாகப் பில்களில் காட்டிய வண்டி எண்களைப் போக்குவரத்து அலுவலகப் பதிவேட்டோடு ஒப்பிட்டபோது, அவற்றில் பல ஸ்கூட்டர்களும் ஆட்டோக்களுமாக இருந்தன. பில்லும் வவுச்சரும் இருந்த கணக்குதான் அது. 1996 ஜனவரியில் அன்றைய பீகாரின் சாய்பாசாவில் சோதனை நடந்த பிறகுதான் நாட்டுக்கே தெரியவந்தது. சட்டமன்றம் ஒதுக்கியதைவிட அதிகமான பணத்தை ஒரு துறை ஆண்டுக்கணக்கில் கருவூலங்களிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஒதுக்கீட்டையும் எடுத்த தொகையையும் மாதாமாதம் அருகருகே வைத்துப் பார்த்திருந்தால் முதல் ஆண்டே பிடிபட்டிருக்கும். மாதக் கணக்கு தாமதமாக வருகிறது என்றால் அதைச் சின்ன விஷயமாக நினைக்காதே.

பெரிய தொகைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், உன் வயதில் அதுதான் கண்ணை இழுக்கும். 2ஜி அலைக்கற்றை பற்றிய தணிக்கை அறிக்கை 2010 நவம்பரில் வெளிவந்தபோது ஊர் முழுக்கப் பேசியது 1.76 லட்சம் கோடி என்ற ஒரே எண்ணை. அறிக்கையைப் படித்தவர்களுக்குத் தெரியும், அதில் உத்தேச இழப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கணக்குகள் இருந்தன. மிகக் குறைந்தது 57,666 கோடி, மிக அதிகம் 1,76,645 கோடி. எந்த முறையில் கணக்கிட்டாலும் மறுக்க முடியாதவை வேறு இருந்தன. 2008-இல் கொடுத்த உரிமங்களுக்கு 2001-ஆம் ஆண்டு விலையை வாங்கினார்கள். விண்ணப்பங்களுக்கு 2007 அக்டோபர் 1 வரை அவகாசம் என்று அறிவித்துவிட்டு, பிறகு செப்டம்பர் 25 வரை வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் 122 உரிமங்களை ரத்து செய்தது உரிமம் வழங்கிய முறைக்காக. குற்ற வழக்கில் 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது, சிபிஐ மேல்முறையீட்டுக்குப் போனது. ஆனால் பொதுவெளியில் நடந்த சண்டை முழுவதும் அந்தப் பெரிய எண்ணைப் பற்றித்தான். எண் பொய் என்று ஒரு பக்கம், உண்மை என்று மறு பக்கம். தேதி ஏன் மாறியது, மாற்றியது யார் என்ற கேள்விகள் அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போயின. இது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. உத்தேசத் தொகையை எழுத வேண்டிய இடத்தில் எழுது, ஆனால் உறுதியான உண்மையை முதல் வரியில் வை.

சிறிய தொகை பெரிய பதவியை அசைத்த காலமும் உண்டு. எல்ஐசி 1957-இல் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளில் சுமார் 1.24 கோடி ரூபாய் போட்டது. பாலிசிதாரர்களின் பணம். அதை நாடாளுமன்றத்தில் எழுப்பியவர் ஆளுங்கட்சியைச் சேர்ந்த, பிரதமரின் சொந்த மருமகனான பெரோஸ் காந்தி. நீதிபதி எம்.சி.சாக்ளா விசாரணையைப் பம்பாயில் பகிரங்கமாக நடத்தினார். கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி வைக்க வேண்டியிருந்தது. நிதிச் செயலாளரின் செயலுக்கு அமைச்சர் பொறுப்பேற்றே ஆக வேண்டும் என்று சாக்ளா சொன்னார். நம் ஊர்க்காரரான நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். அவர் ஒரு பைசா எடுத்தார் என்று யாரும் சொல்லவில்லை. பணம் எடுக்காதவரும் பதில் சொல்ல வேண்டியவர்தான் என்ற அந்த வழக்கத்தை நாம் மெல்ல மெல்ல விட்டுவிட்டோம். இப்போது ‘ஊழல் நிரூபணமாகவில்லை’ என்பதையே எல்லாக் கேள்விக்கும் பதிலாகச் சொல்கிறார்கள். வீண்செலவுக்கு லஞ்சம் தேவையில்லை. அலட்சியமும் அவசரமும் திறப்பு விழாத் தேதியும் போதும்.

அதே சமயம், நேர்மையாக முயன்று தோற்ற அதிகாரியைக் குற்றவாளி ஆக்கிவிடாதே. புது வகை விதை, புது வகைச் சாலை, புதுத் திட்டம் என்று முயன்றால் சில தோற்கும். இன்று உனக்குத் தெரிந்ததை வைத்து அன்று அவர் எடுத்த முடிவை அளக்கக் கூடாது. அன்று அவருக்குத் தெரிந்திருந்தது என்ன, கேட்க வேண்டியவர்களைக் கேட்டாரா, மறுப்பை எழுதி வைத்தாரா என்று பார். ஹாஃப் மார்ஜின் என்னும் தணிக்கைக் கேள்விக் குறிப்பைக் கொடுக்கும்போது குரலை உயர்த்தாதே. நம் துறைக்குப் பயந்து யாரும் கோப்பில் கையெழுத்தே போடாமல் போனால், அதுவும் வரிப் பணம் வீணாவதுதான்.

வரி செலுத்துவோர் என்றால் வருமான வரி கட்டுபவர்கள் என்று அலுவலகத்திலேயே பலர் பேசுவார்கள். அது தவறு. கடையில் சோப்பு வாங்கும் கட்டட வேலைக்காரப் பெண்ணும் ஜிஎஸ்டி கொடுக்கிறாள். டீசல் மேல் உள்ள வரி அவள் வாங்கும் காய்கறி விலையில் சேர்ந்து வருகிறது. இலவசம் வாங்குபவர், வரி கட்டுபவர் என்று ஊரை இரண்டாகப் பிரித்துப் பேசுவதை நீ ஏற்காதே. அந்த எக்ஸ்ரே இயந்திரத்துக்கான பணத்தைக் கொடுத்தவர்களும் அது கிடைக்காமல் ஆட்டோவில் அலைந்தவர்களும் ஒரே ஆட்கள்.

உன் பாரா அச்சாகிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதே. அரசியலமைப்பின் 151-ஆவது பிரிவு அறிக்கையைச் சட்டமன்றத்தில் வைக்கச் சொல்கிறது, எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. அதனால் கூட்டத் தொடரின் கடைசி நாளில் வைத்துவிட்டு, விவாதத்துக்கு நேரமில்லாமல் கலைந்துவிடலாம். பிறகு பொதுக் கணக்குக் குழு சில பாராக்களை எடுக்கும், மற்றவை ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். குழு உறுப்பினர்கள் நேரம் இல்லாதவர்கள். அரைப் பக்கத்தில் புரியும்படி எழுதினால்தான் உன் பாராவிலிருந்து துறைச் செயலாளரிடம் ஒரு கேள்வியாவது கேட்பார்கள்.

மக்களுக்கும் புரியும்படி எழுது. 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானா கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்ற மக்கள் அமைப்பின் தோழர்கள் செய்தது அரசு வேலைகளின் கணக்கை ஊர் நடுவில் உரக்க வாசித்ததுதான். கேட்டுக்கொண்டிருந்தவர்களே தணிக்கையாளர்கள் ஆனார்கள். 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்துக்கு வழி போட்டது அந்த இயக்கம். நம் கிராம சபைகளில் வாசித்தால் விவசாயிக்கு விளங்குமா என்று உன் வாக்கியத்தை ஒருமுறை சோதித்துப் பார்.

முதல் நாள் போனதும் பதிவேடுகளை மேசைக்கு வரவழைத்து உட்கார்ந்துவிடாதே. சரக்கறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, பதிவேட்டோடு நீயே உள்ளே போய் ஒவ்வொன்றாகப் பார். டீயும் சாப்பாடும் உன் காசிலேயே இருக்கட்டும். திரும்பி வந்ததும் என்ன கிடைத்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் துறையில் உனக்கு முன்னால் நடந்தவன்