படிநிலையும் பிள்ளையின் விருப்பமும்

கேள்வி: என் மகன் நான்காம் வகுப்பில் படிக்கிறான். எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு அழைத்துச் சென்றால், பக்கத்துக்கு இரண்டே வரி அச்சிட்ட படக்கதைகளையே திரும்பத் திரும்ப எடுக்கிறான். அவன் வயதுப் பிள்ளைகள் ‘பொன்னியின் செல்வ’னையே படித்து முடித்துவிட்டதாக உறவினர்கள் சொல்லும்போது கவலையாக இருக்கிறது. அவனுடைய வாசிப்புப் படிநிலையை அறிவது எப்படி? படக்கதைகளை எடுக்கவிடாமல் தடுக்கலாமா?
— ஒரு தாய், மன்னார்குடி

பதில்: அம்மா, தடுக்க வேண்டாம்; இதை முதலிலேயே சொல்லிவிடுவது நலம். படிநிலை என்பது புத்தகங்களைத் தரம் பிரித்து அடுக்குவதற்காக ஏற்பட்டதேயன்றி, பிள்ளைகளைத் தரம் பிரிப்பதற்காக ஏற்பட்டதன்று. தமிழக அரசுப் பள்ளிகளில் 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், தன் சிறு புத்தகங்களை வகுப்பின் பெயரால் பகுக்காமல் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்காகப் பகுத்ததில் பெரியதொரு நியாயம் இருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ‘நட’ என்ற படியில் இருக்கலாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ‘பற’ என்பதை எட்டியிருக்கலாம். அதனால் ஒருவருக்கு இழிவோ மற்றவருக்குப் பெருமையோ இல்லை.

படிநிலையை அறிய எளிய உபாயம் ஒன்று உண்டு. புத்தகத்தின் நடுவே ஒரு பக்கத்தைத் திறந்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பொருள் விளங்காத சொல் வரும்போதெல்லாம் அவன் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரல்களும் மடங்கிவிடுமானால், அந்தப் புத்தகம் இப்போதைக்கு அவனுக்குக் கனமானது. ஆனால் தமிழ்ப் புத்தகத்தில் இதை அப்படியே பிரயோகிக்கலாகாது. ‘ஓடிக்கொண்டிருந்தபோதெல்லாம்’ என்ற நெடுஞ்சொல்லில் பிள்ளை திக்கி நிற்பது பொருள் தெரியாமையால் அன்று. ‘ஓடிக்கிட்டிருந்தப்பல்லாம்’ என்று தெருவில் தடையின்றிச் சொல்கிறவன், அதே சொல் ஏட்டுத் தமிழில், இடைவெளியில்லாமல் நீண்டு கிடக்கும்போது அடையாளம் காணமாட்டாமல் தவிக்கிறான். அந்த இடத்தில் விரலை மடக்கச் சொல்லாமல், ‘ஓடிக்கொண்டு, இருந்த, போதெல்லாம்’ என்று பென்சிலால் பிரித்துக் காட்டி மறுபடி படிக்கச் சொன்னால், சில வாரங்களிலேயே நாவு பழகிவிடும்.

ஒரே படக்கதையைப் பலமுறை படிப்பது வீண் காலக்ஷேபம் என்று எண்ணாதீர்கள். கதை முன்பே தெரிந்திருப்பதால், அடுத்து என்ன நடக்கும் என்ற பதற்றமின்றி அவன் கண் எழுத்தின்மீது நிலைக்கிறது; எழுத்துக்கூட்டும் பிரயாசை குறையக் குறையத்தான் சரளம் கைகூடும், சரளம் வந்த பிறகுதான் நீண்ட கதையில் மனம் ஊன்றும்.

‘பொன்னியின் செல்வன்’ ‘கல்கி’ இதழில் 1950 முதல் வாராவாரம் வெளிவந்த தொடர்கதை. பெரியவர்களுக்காக எழுதப்பட்டு, வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சூழ்ந்திருந்து கேட்டு அனுபவித்த கதை. ஒன்பது வயதுப் பிள்ளை தானே படித்து அறிவதைக் காட்டிலும் பிறர் படிக்கக் கேட்டு அறிவது மிக அதிகமாகையால், அந்த ஐந்து பாகங்களை அவன் கையில் திணிக்காமல் இரவுதோறும் சிறிதளவு நீங்களே படித்துக் காட்டுங்கள். உறவினர் சொல்லும் பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள் என்ற ஆராய்ச்சி நமக்கு அநாவசியம்.

சென்னைப் பல்கலைக்கழக நூலகராயிருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது. இதில் வயதைப் பற்றியோ வகுப்பைப் பற்றியோ பேச்சே இல்லை என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். உங்கள் மகன் தனக்குரிய நூலைத் தானே தேடி எடுத்துவிட்டான். சிரத்தையுள்ள நூலகர் எவரும் இதற்கு மகிழவே செய்வார்.

1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை இயற்றியதன் பயனாக, வீட்டுவரியோடு நூலக வரியும் நாம் செலுத்திவருகிறோம்; ஆகவே அந்த அலமாரிகள் உங்கள் மகனுக்கும் உரியவை. அடுத்த முறை செல்லும்போது அவன் பெயரிலேயே ஓர் உறுப்பினர் அட்டை வாங்கிக்கொடுங்கள். அவன் விரும்பும் புத்தகங்களை அவன் எடுக்கட்டும். அதற்கு ஒரு படி மேலான புத்தகம் ஒன்றை உங்கள் அட்டையில் நீங்கள் எடுத்துவந்து, படி என்று சொல்லாமல் அவன் கண்ணில் படும் இடத்தில் வைத்துவிடுங்கள்.