“இருக்கட்டும், எதுக்காவது ஆகும்!”



இந்தப் பாடத்தை ஒருவர் மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்துவிட வேண்டாம். சாப்பாடு முடிந்ததும் இருவரும் திண்ணையில் உட்காருங்கள். ஒருவர் வாசிக்க, மற்றவர் கேளுங்கள். இது உங்கள் இருவரின் வீட்டைப் பற்றியது.

இந்தப் பேச்சு உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும்:

“ஏங்க, இந்தப் பழைய டயரு எதுக்கு? மூணு வருசமா கொல்லையிலே கெடக்குதே!”

“இருக்கட்டும் புள்ள, எதுக்காவது ஆகும்.”

“மழை பேஞ்சா தண்ணி நிக்குதுங்க.”

“அந்த ஓட்டைக் குடத்துலேயுந்தான் நிக்குது. அது யாரு வச்சது? உங்க அம்மா வீட்டுச் சீருன்னு நீதானே சொன்னே!”

இருவரும் சிரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள். டயர் அங்கேயே கிடக்கும். குடமும் அங்கேயே கிடக்கும்.

“எதுக்காவது ஆகும்” என்பது சிக்கனமான குடும்பத்தின் பேச்சு. அதில் தப்பில்லை. பாடுபட்டுச் சம்பாதித்த காசில் வாங்கிய பொருளைத் தூக்கி எறிய யாருக்குத்தான் மனசு வரும்? ஆனால் பாருங்கள், அந்தப் பொருள் நமக்கு ஆகவில்லை. கொசுவுக்கும் எலிக்கும் பாம்புக்கும் ஆகிக்கொண்டிருக்கிறது. அதுதான் கவலை.

வாருங்கள், வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்போம்.

கொல்லைப்புறம்

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த தண்ணீரில்தான் அது முட்டை இடும். டயர், தேங்காய்ச் சிரட்டை, உடைந்த ஆட்டுரல், ஓட்டை வாளி, மூடாத சிமெண்டுத் தொட்டி எல்லாம் அதற்கு வசதியான இடங்கள். முட்டை கொசுவாகிப் பறக்க எட்டுப் பத்து நாள் போதும். இந்தக் கொசு பகலில் கடிக்கும். ஆகவே ராத்திரியில் மட்டும் கொசுவலை கட்டினால் போதாது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் முட்டைகள் பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்து கிடந்தாலும் பல மாதம் சாகாது. மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். அதனால்தான், வாரம் ஒரு நாள் தொட்டியையும் குடத்தையும் காலி செய்து, உள்பக்கத்தை நாரும் பிரஷும் போட்டு அழுத்தித் தேய்க்கச் சொல்கிறோம். தேய்த்தபின் மூடி போடுங்கள். மூடி இல்லையென்றால் வேட்டித் துணியை இறுக்கிக் கட்டுங்கள்.

வேண்டாத டயரைப் பழைய சாமான் வாங்குகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். கிணற்றடிக்குத் தேவை என்றால் அதில் மண்ணை நிரப்பிச் செடி வையுங்கள்.

விறகும் மூட்டையும்

சுவரை ஒட்டி விறகு, அதன்மேல் கிழிந்த சாக்கு, அதன்மேல் பழைய கூரை ஓலை. இப்படி அடுக்கி வைத்தால் எலிக்குக் குடித்தனம் போட்டுக் கொடுத்தது போல் ஆகும். எலி வந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். எலி இருக்கிற இடத்தைத் தேடிப் பாம்பும் வரும்.

கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில் நடமாடும். தரையில் படுத்திருப்பவர்களைத்தான் அது அதிகம் கடிக்கிறது. கடித்த வலிகூடத் தெரியாமல் போகலாம். விடியும்போது வயிற்று வலி, இமை சரிதல், பேச்சுக் குளறல் என்று காட்டும். படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் துணி மூட்டையும் நெல் மூட்டையும் இருக்கக் கூடாது என்பது இதற்காகத்தான். முடிந்தவரை கட்டிலில் படுங்கள். கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள். கொசுவோடு பாம்புக்கும் அது தடை.

விறகை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, கல் வைத்து உயர்த்தி அடுக்குங்கள். நெல் மூட்டையைப் பலகைமேல், சுவரைத் தொடாமல் வையுங்கள். விறகு எடுக்கும்போது முதலில் கோலால் தட்டுங்கள், பிறகு கையை விடுங்கள்.

பாம்பு கடித்தால் கட்டுப் போட வேண்டாம், கீற வேண்டாம், வாய் வைத்து உறிஞ்ச வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மந்திரிக்கப் போகும் அரைமணி நேரம் உயிரைக் குடித்துவிடும்.

தேளையும் லேசாக நினைக்காதீர்கள். செந்தேள் கொட்டினால், அதிலும் குழந்தைகளுக்கு, இருதயம் பாதிக்கப்படலாம். மகாராஷ்டிர மாநிலம் மகாட் என்ற ஊரில் கிராமத்து மக்களுக்கு வைத்தியம் பார்த்துவந்த டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், பிரசோசின் என்ற மாத்திரை இதற்கு நல்ல பலன் தருவதை 1980-களில் எடுத்துக்காட்டினார். அதற்குப் பின் எத்தனையோ பிள்ளைகள் பிழைத்திருக்கிறார்கள். ஆனால் மாத்திரை பலிக்க வேண்டுமென்றால் பிள்ளை நேரத்தோடு மருத்துவரிடம் வந்து சேர வேண்டும்.

பாட்டில் மாறினால்…

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்.

வயலுக்கு அடித்தது போக மிச்சமான பூச்சிமருந்து, இறைவாரத்தில் செருகிய தண்ணீர் பாட்டிலில் இருக்கிறது. மண்ணெண்ணெயோ பெட்ரோலோ கலர் பாட்டிலில், அடுப்படி மூலையில் இருக்கிறது. வைத்தவருக்குத் தெரியும். வெயிலில் விளையாடிவிட்டுத் தாகத்தோடு ஓடிவரும் நான்கு வயசுப் பிள்ளைக்குத் தெரியுமா? பாட்டிலைப் பார்த்தால் தண்ணீர் என்றுதான் எடுக்கும்.

பூச்சிமருந்தை அது வந்த டப்பாவிலேயே, ஒட்டிய காகிதத்தோடு வையுங்கள். தேவைக்கு மட்டும் வாங்குங்கள். வீட்டுக்குள் வைக்காதீர்கள். வெளியே பெட்டியில் பூட்டி, சாவியைத் தனியே வையுங்கள். காலி டப்பாவைக் கழுவி உப்பும் புளியும் போட்டு வைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் அது மருந்து டப்பாதான். அடியில் ஓட்டை போட்டுவிடுங்கள், வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்த மாட்டார்கள். எலி மருந்துப் பசை வாங்கவே வேண்டாம். அதில் உள்ள மஞ்சள் பாஸ்பரசுக்கு மாற்று மருந்து கிடையாது. எலிப்பொறி போதும்.

தவறிக் குடித்துவிட்டால் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மண்ணெண்ணெய் வாந்தியோடு நுரையீரலுக்குள் போனால் ஆபத்து இன்னும் அதிகம். மருந்து பட்ட துணியைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, குடித்த டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இன்னொன்றும் மனசு விட்டுச் சொல்லவேண்டும். எந்த வீட்டிலும் சண்டை வரும், கடன் வரும், மனக்கஷ்டம் வரும். ஆத்திரமும் துக்கமும் சில நிமிடம் தலைக்கேறும், பிறகு தணியும். அந்தச் சில நிமிடத்தில் விஷம் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் இருந்தால் ஓர் உயிர் நம்மோடு நின்றுவிடும். விஷத்தை வீட்டில் வைக்காதீர்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மனசு தாங்காத நேரத்தில் 104-ஐ அழையுங்கள், பேசுவதற்கு ஆள் இருக்கிறார்கள்.

மருந்துக்கு ஒரு பெட்டி

சாமி மாடத்தில் பாதி மாத்திரை, தலையணைக்கடியில் ஒன்று, அரிசிப் பானைக்குள் ஒன்று என்று இருக்க வேண்டாம். மூடி உள்ள ஒரு டப்பாவைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், வெயிலும் அடுப்புச் சூடும் படாமல் வையுங்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம், காய்ச்சல் மாத்திரை, சுத்தமான கட்டுத்துணி இவை போதும். காலாவதித் தேதி தாண்டியதும், போன காய்ச்சலுக்கு வாங்கி மிச்சம் வைத்ததும் வேண்டாம்.

கர்ப்பிணித் தாய்க்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை தாய்க்கு நல்லது. அதையே சின்னப் பிள்ளை மிட்டாய் என்று பல மாத்திரை தின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதுவும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும்.

மாலா-என் மாத்திரையும் நிரோத்தும் வைத்திருக்கிறீர்களா? வெட்கப்பட்டு அவற்றைத் தகரப் பெட்டியின் அடியில் ஒளித்து வைக்காதீர்கள். சூட்டில் நிரோத் கெட்டுவிடும், கிழிந்துபோகும். அந்த மாத்திரையைத் தினம் ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும். எங்கே வைத்தோம் என்று தேடினால் ஒரு நாள் தவறும், பிறகு இரண்டு நாள் தவறும். இருவருக்கும் தெரிந்த ஓரிடத்தில் வையுங்கள்.

காகிதத்துக்கு ஒரு பை

நடுராத்திரி. வீட்டுக்காரிக்கு வலி எடுத்துவிட்டது. வண்டி வாசலில் நிற்கிறது. “கர்ப்பிணி அட்டை எங்கே?” பரணைப் பார்க்கிறார்கள், பெட்டியைக் கவிழ்க்கிறார்கள், மாமியார் முந்தானை முடிச்சைக்கூட அவிழ்த்துப் பார்க்கிறார். இரத்த வகை, முன்பு எடுத்த ஊசி, ஸ்கேன் விவரம் எல்லாம் அந்த அட்டையில்தானே இருக்கிறது!

கெட்டியான பிளாஸ்டிக் பை ஒன்று வாங்குங்கள். கர்ப்பிணி அட்டை, குழந்தையின் தடுப்பூசி அட்டை, குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், காப்பீட்டு அட்டை ஆகியவை அதில் இருக்கட்டும். கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டுங்கள். ஏழாம் மாதம் பிறந்ததும் துவைத்த சேலை, குழந்தைக்கு மெல்லிய பருத்தித் துணி, துண்டு, கொஞ்சம் பணம் வைத்து இன்னொரு பையும் தயாராக இருக்கட்டும்.

எப்படி ஆரம்பிப்பது?

ஒரே நாளில் வீட்டையே புரட்டிப் போடாதீர்கள். பொழுது சாய்வதற்குள் களைத்துப்போய், எல்லாவற்றையும் மறுபடி பரணில் ஏற்றிவிடுவீர்கள். நாளுக்கு ஒரு மூலை போதும். எடுத்ததை நான்கு குவியலாகப் பிரியுங்கள்:

1. தினமும் எடுப்பது. இது கைக்கெட்டும் இடத்துக்கு.

2. பழுது பார்ப்பது. ஒரு மாதம் தவணை. அதற்குள் பார்க்காவிட்டால் நான்காம் குவியலுக்கு.

3. பிறருக்கு உதவுவது. குழந்தை வளர்ந்துவிட்டதால் சின்னதாகிப் போன சட்டை, தூளி, நடைவண்டி. ஊரில் இன்னொரு பிள்ளைக்கு ஆகும்.

4. கழிப்பது. பழைய இரும்புக்காரருக்கும், ஊராட்சித் தூய்மைக் காவலருக்கும்.

சந்தேகம் வந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: “போன பொங்கலுக்கும் இந்தப் பொங்கலுக்கும் நடுவே இதை ஒரு தடவையாவது தொட்டோமா?”

போகியன்று டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்த வேண்டாம். அந்தப் புகை கைக்குழந்தைக்கும் மூச்சுத்திணறல் உள்ள பெரியவருக்கும் பெரும் கேடு.

இது யார் வேலை?

ஐயா, இதை மட்டும் நீங்கள் கேளுங்கள். “வீட்டு வேலை பொம்பளை வேலை” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடாதீர்கள். பம்புசெட்டு உதிரியும் உரச் சாக்கும் மருந்து டப்பாவும் நீங்கள் கொண்டுவந்தவைதானே! பரணில் ஏறுவதும் மூட்டை நகர்த்துவதும் உங்கள் பங்கு. மனைவி கர்ப்பமாக இருந்தால் அவர் உட்கார்ந்து பிரித்துக் கொடுக்கட்டும், தூக்குவது முழுக்க நீங்கள்தான்.

அம்மா, உங்களுக்கும் ஒன்று. அவருக்குத் தெரியாமல் அவர் பொருளைப் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் ஒரு சண்டை வரும், அடுத்த நாளே இரண்டு பழைய டயர் வரும்! மாமனார் மாமியாரின் பெட்டியை அவர்களைக் கேட்காமல் தொடவேண்டாம். காலமான பெரியவரின் கைத்தடியோ வெற்றிலைப் பெட்டியோ குப்பை ஆகாது. துடைத்து, நல்ல இடத்தில் வையுங்கள். இந்தப் பாடம் ஞாபகங்களைக் கழிக்கச் சொல்லவில்லை. ஆபத்தைத்தான் கழிக்கச் சொல்கிறது.

உங்களையே கேட்டுப் பாருங்கள்

• போன மழைக்குத் தேங்கிய தண்ணீர் இன்னும் கொல்லையில் எதிலாவது நிற்கிறதா?

• தண்ணீர் பாட்டிலில் தண்ணீர் அல்லாதது ஏதாவது இருக்கிறதா?

• படுக்கிற இடத்தைச் சுற்றி மூட்டை எதுவும் இல்லாமல் இருக்கிறதா?

• குழந்தையின் தடுப்பூசி அட்டையை விளக்கு இல்லாமலே எடுத்துவிட முடியுமா?

• இந்த வாரம் தொட்டி தேய்த்தது யார்? அடுத்த வாரம் யார்?

பதில் சொல்லிவிட்டீர்களா? நாளைக் காலையில் கொல்லையிலிருந்து தொடங்குங்கள். அவர் டயரை உருட்டட்டும், நீங்கள் ஓட்டைக் குடத்தை எடுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள். அவர் வீட்டுக்கு வரும்போது ஒரு வாய் தண்ணீர் கொடுப்பீர்கள் அல்லவா? அந்தத் தண்ணீர்க் குடத்தையும் திறந்து காட்டுங்கள்.