ஆறாம் விரல்

2018ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள், ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்வப்னா பர்மன் தங்கப் பதக்கம் வென்றார். அவர் பங்கேற்றது ஹெப்டத்லான். தடை ஓட்டம், உயரம் தாண்டுதல், குண்டு எறிதல், ஈட்டி எறிதல் உள்ளிட்ட ஏழு போட்டிகளை இரண்டே நாள்களில் முடிக்க வேண்டும். அவர் பெற்றவை 6026 புள்ளிகள். ஆசியப் போட்டியில் இப்பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுவே.

மேற்கு வங்கத்தின் ஜல்பாய்குரியில் ரிக்‌ஷா ஓட்டியவரின் மகளான ஸ்வப்னாவுக்கு ஒவ்வொரு பாதத்திலும் ஆறு விரல்கள். ஐந்து விரல்களுக்கென அமைந்த காலணிக்குள் அவற்றை அடக்கிக்கொண்டே அவர் ஓடினார், தாண்டினார். தாண்டி இறங்குகையில் கால் வலித்தது. வென்ற பின்னர், தம் பாதத்திற்கேற்ற காலணி வேண்டும் என்று கேட்டார். அடிடாஸ் நிறுவனம் ஜெர்மனியிலுள்ள தன் ஆய்வகத்தில் அவருடைய பாதங்களை அளந்து காலணி செய்தளித்தது. 2019இல் அர்ஜுனா விருதும் அவரைத் தேடி வந்தது.

ஆறாம் விரல் எவ்வாறு தோன்றுகிறது? தாயின் வயிற்றில் ஏறத்தாழ ஏழாம் வாரத்தில் குழந்தையின் பாதம் சிறு துடுப்பைப் போல் இருக்கும். அதில் ஐந்து விரல்களுக்கான கதிர்கள் உருவாகும். இடையிலுள்ள உயிரணுக்கள் மடிந்து விலக, விரல்கள் தனித்தனியே பிரியும். இவ்வேலையில் சிறு மாறுதல் நேர்ந்தால் கூடுதலாக ஒரு விரல் உண்டாகிறது. பெரும்பாலும் அது சுண்டுவிரலின் பக்கம் அமையும்; சிலருக்குப் பெருவிரலின் பக்கமும் அமைவதுண்டு. சில குடும்பங்களில் இது மரபுவழி தொடரும். அத்தகைய குடும்பங்களில் தாய் தந்தையருள் ஒருவருக்கு இருந்தால், பிள்ளைக்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. கிரகணத்தன்று தாய் வெளியே வந்ததால் நேர்ந்தது என்பது பிழையான நம்பிக்கை. ஆறு விரல் இருந்தால் யோகம் என்பதும் அத்தகையதே. கேட்க இனிமையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

தில்லித் தெருக்களில் ஆறு விரல் உள்ளவரை இந்தியில் ‘சங்கா’ என்று அழைப்பதைச் சிலர் கேட்டிருக்கலாம். பெயருள்ள ஒருவரை விரலைச் சொல்லி அழைப்பது முறையன்று.

ஆறாம் விரலை நீக்கியே ஆகவேண்டுமா? வேண்டியதில்லை. வலியோ இடையூறோ இல்லையெனில் அப்படியே விட்டுவிடலாம். ஊரில் செருப்பணிந்து நடந்தவரைக்கும் தொல்லை தராத விரல், தில்லிக் குளிரில் நாள் முழுவதும் மூடிய காலணிக்குள் இருக்கும்போது உராய்ந்து புண்ணாகலாம். அகலமான காலணியே சிலருக்குப் போதும். போதாதவர்க்கு அறுவை மருத்துவம் உண்டு. குழந்தைக்கு ஏறத்தாழ ஒரு வயதாகும்போது, நடை பழகும் காலத்தையொட்டி, மருத்துவர்கள் பெரும்பாலும் அதனைச் செய்வர். அதற்குமுன் எக்ஸ்ரே எடுத்து, விரலுக்குள் எலும்பு உள்ளதா, அது எங்கே இணைகிறது என்று பார்ப்பர். வேறு உறுப்புகளில் மாறுதல் ஏதும் உண்டா என்றும் ஆராய்வர். எய்ம்ஸ், கலாவதி சரண் குழந்தைகள் மருத்துவமனை முதலிய தில்லியிலுள்ள அரசு மருத்துவமனைகளில் குழந்தையைக் காட்டலாம்.

ஒன்றை மட்டும் வீட்டில் செய்யலாகாது. சிலர் கூடுதல் விரலின் அடியில் நூலை இறுகக் கட்டி, அது தானே உதிரும் எனக் காத்திருப்பர். உள்ளே எலும்பும் நரம்பும் இருக்கக்கூடும். புண் சீழ்பிடிக்கலாம், விரல் உதிர்ந்த பின்னும் வலிக்கும் முடிச்சு ஒன்று தங்கிவிடலாம். கட்டச் சொல்பவர் பாட்டியாக இருப்பினும், மருத்துவரிடம் காட்டிய பிறகு முடிவெடுப்போம் என்று பணிவுடன் சொல்லலாம்.

பயிற்சி

1. ஸ்வப்னா பர்மனுக்கு வழக்கமான காலணி ஏன் ஒத்துவரவில்லை?
2. நூல் கட்டுவதால் விளையும் தீங்குகள் யாவை?
3. ஆறு விரல்களுள்ள தம்பிக்குப் பள்ளிக் காலணி வாங்கச் செல்கிறீர்கள். கடைக்காரருடன் நிகழும் உரையாடலை எழுதுக.